எந்த பைபாட் வாங்கட்டும், அக்கா?

பஃபலோ, வயோமிங்
ஜூன் 7

அன்புள்ள ஆர்லன்,

நேற்று மாலை கோல்ட்டர் உன் பண்ணையிலிருந்து திரும்பியதும் தொப்பியைக் கழற்றாமல் நேராகக் குளியலறைக்குப் போனான். என் மகன் தொப்பியோடு குளியலறைக்குப் போனால் மறைக்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவனைச் சமையலறை மேசைக்கு இழுத்துவந்து உட்காரவைத்தேன். வலது கன்னத்தில் பொடிப்பொடியாகக் கல். சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லம்மா. கல்லு தெறிச்சுது."

"கல்லு தானா தெறிக்குமா?"

"மாமாவோட துப்பாக்கியத் தாங்குற பைபாட் காலு சறுக்கிருச்சு. துப்பாக்கி சாஞ்சு ஒரு குண்டு தரையில போயிருச்சு. அவ்ளோதான். நீ பாடம் நடத்த ஆரம்பிச்சுடாத."

அந்தக் குண்டு எவ்வளவு தள்ளி விழுந்தது என்று கேட்டேன். தன் முழங்கையைக் காட்டி, மேசையின் அந்தப் பக்கம் இருந்த உப்பு டப்பாவைக் காட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, டப்பாவை எடுத்து இன்னும் கிட்டே வைத்தான். "இவ்ளோ இருக்கும்," என்றான். அதற்குப் பிறகு இடுக்கியை அவனிடமே கொடுத்துவிட்டேன், மீதிக் கல்லை அவனே கண்ணாடி பார்த்து எடுத்துக்கொண்டான்.

நான் போன் செய்யப்போவதில்லை. அப்பாவின் மேய்ச்சல் நிலம் பற்றிப் போனில் பேசினோமே, அப்போது கத்திவிட்டு ஈஸ்டர் வரை பேசாமல் இருந்தோம். இது அப்படிக் கத்தி முடிக்கிற விஷயம் இல்லை. எழுது.

செப்டம்பரில் ஜோடிப் போட்டி. இரண்டு நாளும் நீங்கள் இருவரும் தோளோடு தோள் உரச ஒரே பாயில் படுத்துச் சுடப்போகிறீர்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் மலை தாண்டி உன்னிடம் பயிற்சிக்கு வருவான். இருபத்தொன்பது வயது மகனைப் போகாதே என்று சொல்ல முடியாது. சாண்ட்விச் கட்டிக்கொடுக்கத்தான் முடியும். எனக்கு இருப்பது அவன் ஒருவன்.

அன்றைக்கு என்ன நடந்தது? எது முதலில், எது பிறகு என்று வரிசையாக எழுது.

வெர்னா

*

டென் ஸ்லீப்
ஜூன் 15

அக்கா,

கோல்ட்டரின் கன்னத்துக்கு நான்தான் பொறுப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இது. பழைய கொட்டகைத் தகரத்தை வைக்கோல் கட்டுகள் மேல் சரிவாகப் போட்டு ஒரு கூரை மாதிரி செய்திருந்தோம். போட்டியில் கட்டாயம் ஒரு கூரைச் சுற்று வரும், உனக்குத் தெரியும். நான் படுத்திருந்தேன். இடப்பக்கம் கோல்ட்டர் தொலைநோக்கியில் காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். இலக்காக நிறுத்திய முதல் இரும்புத் தகட்டை அடித்தேன். அடுத்த குண்டை ஏற்றினேன். இரண்டாவது தகடு இடப்பக்கம், கொஞ்சம் கீழே. துப்பாக்கியைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பும்போது பைபாடின் இடது கால் சறுக்கியது. துப்பாக்கி சாய்ந்தது, வெடித்தது.

கோல்ட்டர் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துவிட்டு, "மாமா, உங்க துப்பாக்கி சனிக்கிழமை ராத்திரி பார்லேந்து வெளிய வர்ற மாதிரி சாஞ்சுது," என்றான். இருவரும் சிரித்தோம். நல்ல பையன்.

ஆக, குற்றவாளி பைபாட். பழசு. இடது காலின் பூட்டுத் தேய்ந்திருக்க வேண்டும். அதைப் பட்டறை மூலையில் வீசிவிட்டேன். புதிது வாங்க வேண்டும். நீதான் எங்கள் வீட்டு அறிவியல் டீச்சர், நீயும் இந்தப் போட்டிகளில் படுத்து எழுந்தவள். சொல், எந்த பைபாட் வாங்கட்டும்?

ஒன்று, எல்லாரும் வைத்திருக்கிற ஒல்லியான வகை. எடை குறைவு, சட்டென்று மடியும், கால்கள் நெருக்கம். இன்னொன்று கால் அகலமானது, கனமானது. துப்பாக்கியின் அடியில் இருக்கிற நீள இரும்புச் சட்டத்தில் முன்னும் பின்னும் நகர்த்தி எங்கே வேண்டுமோ அங்கே பூட்டலாம். பாதத்துக்கு ரப்பரா, கூர்முள்ளா என்பதும் முடிவாகவில்லை. துப்பாக்கி இடம்வலம் சாய்வதற்கு இறுக்கம் தேவையா, தளர்வு தேவையா?

விவரமாக எழுது. முதல் அறுப்புப் புல்லை உலரப் போட்டிருக்கிறேன், மழை வருகிற மாதிரி இருக்கிறது.

ஆர்லன்

*

பஃபலோ
ஜூன் 21

அன்புள்ள ஆர்லன்,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கேள்வி கேட்டவனைக் காத்திருக்கவைப்பது எனக்கு எப்போதும் பிடிக்காது.

பிறந்த கன்றுக்குட்டி முதல்முதலாக எழுந்து நிற்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறாய்? அது காலைச் சேர்த்து வைத்து நிற்காது, அகட்டித்தான் நிற்கும். உன் துப்பாக்கி நீளம், கனம். குண்டு புறப்படும்போது குழல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அகலக் கால் அந்த முறுக்கலைத் தாங்கும். அதனால் அகலமானதை வாங்கு. கனம் உனக்கு ஒரு பொருட்டில்லை, நீ மலையேறி மான் வேட்டைக்குப் போகவில்லை.

பாதத்துக்கு, பனிக்கட்டியில் ஏணி வைப்பதை நினைத்துக்கொள். முள் இருந்தால் பனியில் ஊன்றும். அதே ஏணியைத் தகரத்தில் வைத்தால் முள் வழுக்கிக்கொண்டு போகும். தகரத்துக்கும் சிமெண்டுக்கும் ரப்பர், மண்ணுக்கும் புல்லுக்கும் முள். இரண்டையும் வாங்கி மாற்றிக்கொள். தோளால் முன்னே தள்ளிச் சாயும்போது கால் மூட்டில் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. கடையிலேயே கையால் ஆட்டிப் பார். சாய்வதற்குப் பாதி இறுக்கம் போதும். கையால் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

இனி என் கேள்வி.

பைபாட் சறுக்கினால் துப்பாக்கி சாயும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாய்ந்த துப்பாக்கி தானாகச் சுடாது. குண்டை ஏற்றிவைத்துக்கொண்டு அடுத்த தகட்டுக்குத் திரும்பியது தவறில்லை, எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். அப்போது விரல் எங்கே இருந்தது? விசைக்கு வெளியே கட்டையோடு நீட்டி வைத்திருந்தாயா, உள்ளே இருந்ததா? இல்லை, விசையே பழுதா?

நான் கிளப்பில் சுடுதள அதிகாரியாக இருந்த காலத்தில் இந்த ஒரு காரணத்துக்காகப் பெரிய மீசைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருவர் அழுதார். அவருக்குக் காபி கொடுத்தேன், ஆனாலும் அனுப்பினேன்.

அந்தப் பழைய பைபாடைக் கோல்ட்டரிடம் கொடுத்தனுப்பு, பார்க்க வேண்டும். நேற்றுச் சனிக்கிழமை அவன் உன்னிடம் வந்திருந்தானே, அவனுடைய வண்டிச் சத்தம் கேட்கும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை நான். தேவாலய விருந்துக்குச் செய்த உருளைக்கிழங்கு கருகிவிட்டது. அதையே கொண்டுபோனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுவும் ஒரு தண்டனைதான்.

வெர்னா

*

டென் ஸ்லீப்
ஜூலை 2

அக்கா,

அகலமானதையே வாங்கிவிட்டேன். நீ சொன்னபடி ரப்பரும் முள்ளும். ரொம்ப அருமை! பூட்டினால் துப்பாக்கியும் அதுவும் ஒரே இரும்பு மாதிரி நிற்கிறது. தகரத்தில் போட்டு எவ்வளவு தள்ளினாலும் அசையவில்லை. கோல்ட்டர் கையால் குலுக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுமேல என் டிரக்கையே நிறுத்தலாம்," என்றான். தொலைவுத் தகட்டை வரிசையாக அடித்தோம். செப்டம்பரைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

விசை நன்றாக இருக்கிறது. குண்டில்லாமல் பூட்டி, ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தேன், விசை தானாக விழவில்லை. எல்லாப் போட்டிக்காரர்களும் வைப்பது போல மிக லேசாகத்தான் வைத்திருக்கிறேன், அதற்காக ஆட்டினால் விழாது.

விரல் வெளியேதான் இருந்தது. ஒன்பது வயதிலிருந்து சுடுகிறேன், என் விரல் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா? நீ எனக்கு அக்கா. எனக்குச் சுடுதள அதிகாரி இல்லை.

பழையதைக் கோல்ட்டரிடம் கொடுத்திருக்கிறேன். வைத்து ஆராய்ச்சி செய்.

இங்கே எல்லாம் நலம். காலையில் பிஸ்கட் தட்டை அடுப்பிலிருந்து வெறுங்கையால் எடுத்துவிட்டேன். விரல் நுனி பொசுங்கிவிட்டது. வாசனை வந்த பிறகுதான் பார்த்தேன்! தனியாகச் சமைக்கிறவனுக்கு மூளை பாதிதான் வேலை செய்யும்.

ஆர்லன்

*

பஃபலோ
ஜூலை 9

அன்புள்ள ஆர்லன்,

உன் கடைசிப் பத்தியைக் கழுத்து வலிக்கும்வரை படித்தேன். நீ அதை வேடிக்கையாக எழுதியிருக்கிறாய்.

முதலில் பைபாட். பக்கத்து வீட்டு டோயல் அவர் ஷெட்டிலிருந்து ஒரு தகரம் கொடுத்தார். உன் கூரையைப் போலவே சரிவாகப் போட்டேன். பழைய பைபாடை என் துப்பாக்கியில் பூட்டினேன். குண்டில்லை, குண்டை உள்ளே தள்ளிச் சுடவைக்கும் போல்ட்டும் இல்லை, பயப்படாதே. மேலே மணல் மூட்டை வைத்து இடதும் வலதுமாக இழுத்தேன். பூட்டு உறுதியாக இருக்கிறது. பாதம் தகரத்தைப் பிடித்துக்கொள்கிறது. டோயல் தன் கனத்தையெல்லாம் போட்டுத் தள்ளிவிட்டு, "இதுல என்ன கொறைன்னு தூக்கிப் போட்டான் உன் தம்பி? வேண்டாம்னா எனக்குக் குடு," என்றார்.

பைபாடில் குறையில்லை, ஆர்லன்.

இன்று காலை கோல்ட்டர் தானியக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். நான் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அன்னிக்கு மொதல்ல பைபாட் சறுக்கிச்சா, மொதல்ல சத்தம் கேட்டுச்சா?"

"சத்தம்," என்றான்.

உடனே வாயை மூடிக்கொண்டான். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

ஆக, சறுக்கியதால் வெடிக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கித் திருப்பும்போது வெடித்தது. தோள் ஊன்றாத துப்பாக்கியை அந்த உதை தூக்கி எறிந்ததால் பைபாட் சறுக்கியது. நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. உன் விரல் வெளியே இருந்ததாக நீ நம்புகிறாய். எனக்குப் பயமே அங்கேதான்.

இந்த உறைக்குள் ஒரு சின்னத் துணிப்பை இருக்கிறது. அதில் ஒரு பத்து சென்ட் நாணயம், ஒரு சட்டைப் பொத்தான், ஒரு இரும்பு வாஷர், ஒரு சோளமணி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தோலைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது இதைத்தான் செய்யச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு பையில் கையை விட்டு, எது எது என்று விரலால் சொல்ல வேண்டும். முதலில் இடது கை, பிறகு வலது கை. பிள்ளைகள் எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டு இதெல்லாம் ஒரு பாடமா என்று சிரிப்பார்கள்.

மதிப்பெண் கிடையாது. யாரும் பார்க்கப்போவதில்லை. செய்துபார்த்து எழுது. நீ எழுதும்வரை சனிக்கிழமைகளில் கோல்ட்டருக்கு நான் ஏதாவது வேலை வைத்துக்கொண்டே இருப்பேன். வேலியெல்லாம் நன்றாக இருக்கிறது. தேவைப்பட்டால் ராத்திரியோடு ராத்திரியாக நானே ஒரு கம்பத்தைப் பிடுங்கிப் போடுவேன்.

வெர்னா

*

டென் ஸ்லீப்
ஜூலை 20

அக்கா,

பை வந்த அன்றைக்கே பிரிக்கவில்லை. அலமாரியில் வைத்துவிட்டு அதைப் பார்க்காமலே நடமாடினேன்.

இடது கை நாலையும் சொல்லிவிட்டது. வலது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றை எடுத்து, இது நாணயம் என்று உறுதியாகச் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். விரல்களுக்கு நடுவில் அந்த நாலில் எதுவுமே இல்லை. பையின் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல். பிப்ரவரியில் கன்று ஈனும் நேரம் பனிப்புயல் வந்ததே, அப்போது மரத்துப்போனது. குளிர் என்று நினைத்தேன். குளிர் போனது, இது போகவில்லை. இப்போது மணிக்கட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. சில நாள் கழுத்திலிருந்து முழங்கைவரை நெருப்பு ஓடுகிற மாதிரி இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். நாய்க்கு முள் எடுக்க முடியவில்லை.

அன்றைக்கு விரல் வெளியே இருப்பதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக. கட்டையோடு நீட்டி வைத்திருப்பதாக என் மூளை சொன்னது. வெடித்த பிறகு குனிந்து பார்த்தேன். விரல் உள்ளே இருந்தது. வேறு யாரோ ஒருவனுடைய விரல் மாதிரி அங்கே இருந்தது. கோல்ட்டர் பக்கம் திரும்பினேன், அவன் முகத்தைக் கையால் மூடியிருந்தான். கையை எடுப்பதற்குள் நான் என்னவெல்லாம் பார்த்துவிட்டேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

பிறகு பைபாடைப் பார்த்தேன். அது சறுக்கிக் கிடந்தது. அக்கா, எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது தெரியுமா? பைபாட் என்றால் கடையில் கிடைக்கும். உன்னிடம் கேட்கலாம், நீ கன்றுக்குட்டியையும் ஏணியையும் வைத்து விளக்குவாய், வாங்கிப் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

இரவுக்குப் பயமில்லை. காலையில் எழுந்ததும்தான் பயம். கண் திறந்ததும் முதலில் கட்டைவிரலால் ஆட்காட்டி விரலைத் தொட்டுப் பார்க்கிறேன்.

கோல்ட்டரிடம் சொல்லிவிடாதே. செப்டம்பர் மட்டும் போகட்டும். இடது கையால் சுடப் பழகுகிறேன். அந்தப் போட்டி முடிந்ததும் டாக்டரிடம் போகிறேன்.

ஆர்லன்

*

பஃபலோ
ஜூலை 22

அன்புள்ள ஆர்லன்,

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அதற்குமேல் இந்தக் கடிதத்தில் இனிப்பாக எதுவும் இல்லை.

டாக்டரைப் பார்க்கும்வரை நீ எந்தத் துப்பாக்கியிலும் குண்டு ஏற்றக் கூடாது, இடது கையானாலும். மூன்று விரலில் தொடங்கி மணிக்கட்டுக்கு வந்தது நாளைக்கு எங்கே போகும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வகுப்பில் வாயு கசிகிற வாசனை வந்தால், எந்தக் குழாய் என்று தேடிக்கொண்டிருக்கமாட்டேன். பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்புவேன். பிறகுதான் குழாய்.

கோல்ட்டரிடம் நீயே சொல். சனிக்கிழமை அவன் வருவான், வேலி வேலை என்று இனிமேல் ஏமாற்ற முடியாது. போனவாரம், "அம்மா, இந்தக் கம்பத்த யாரோ வேணும்னே புடுங்கிருக்காங்க," என்று என் முகத்தையே பார்த்தான். அவன் போல்ட்டைத் திறப்பதற்கு முன்னால் நீ சொல்ல வேண்டும். நீ சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் சொல்வேன். என் வாயால் கேட்டால் அவனுக்கு உன்மேல் கோபம் வரும். உன் வாயால் கேட்டால் வராது.

உன்னை மிரட்டுகிறேன் என்று நினைக்கிறாயா? ஆமாம், மிரட்டுகிறேன். அந்த உப்பு டப்பா இன்னும் அவன் நகர்த்தி வைத்த இடத்திலேயே இருக்கிறது. என்னால் அதைத் தொட முடியவில்லை.

வெர்னா

*

டென் ஸ்லீப்
ஜூலை 29

அக்கா,

சொல்லிவிட்டேன்.

அவன் டிரக்கிலிருந்து துப்பாக்கிப் பையை இறக்கும்போதே போய் நின்றேன். கையை நீட்டிக் காட்டினேன். "இந்த மூணு வெரலும் போயிருச்சுடா. அன்னிக்கு வெரல் உள்ள இருந்துச்சு. எனக்குத் தெரியல," என்றேன். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான் வந்தது.

அவன் பையைத் திரும்ப வண்டியில் வைத்தான்.

"தெரியும், மாமா."

"என்ன தெரியும்?"

"கன்னுக்குச் சூடு போட்ட அன்னிக்கே தெரியும். ஊசிய மூணு தடவ கீழ போட்டீங்க. நாலாவது தடவ கையில இல்லாத ஊசியக் கன்னுக்குப் போடப் போனீங்க. நான் எடுத்துக் குடுத்தேன், ஞாபகம் இல்லையா?"

கோடையின் தொடக்கத்தில் நடந்தது அது. அந்தக் குண்டு வெடிப்பதற்கு முன்னால். டிரக்கின் படியில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சே ஏன்டா பக்கத்துல படுத்த?"

"நான் வரலன்னா நீங்க தனியா சுடுவீங்க. பக்கத்துல நான் படுத்திருந்தா ஜாக்கிரதையா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஜாக்கிரதையாத்தான்டா இருந்தேன்!"

"அது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது, மாமா."

அந்த ஜூன் சனிக்கிழமைக்குப் பிறகும் வந்து படுத்தானே, அக்கா. ஒவ்வொரு முறையும் தெரிந்துகொண்டே வந்து படுத்தான். புது பைபாடைக் குலுக்கிப் பார்த்து டிரக் ஜோக் சொன்னானே, அப்போதும் தெரியும். நான் சிரித்தேன்.

அவன் எதிரிலேயே துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றினேன். கழற்றவும் முடியவில்லை, பொத்தானை அவன்தான் அழுத்தினான். அதை ஒரு காலுறையில் சுற்றி அவனிடம் கொடுத்தேன். உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நான் கேட்டாலும் கொடுக்காதே. நன்றாகிவிட்டது என்று சொன்னாலும் கொடுக்காதே. எனக்கு என்னைத் தெரியும். அடுத்த வருடப் போட்டி வரும்போது ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன்.

போட்டியிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடும்படி கோல்ட்டர் சொல்லிவிட்டான். வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்றேன். "பாக்கலாம்," என்றான்.

பில்லிங்ஸில் நரம்பு டாக்டர் அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு வரச் சொல்லியிருக்கிறார். போனில் அந்தப் பெண், "கூட யாரையாவது அழைச்சுட்டு வாங்க," என்றாள். எதற்கு அப்படிச் சொன்னாள்? எல்லாரிடமும் சொல்வதுதானா?

ஆர்லன்

*

பஃபலோ
ஆகஸ்ட் 1

அன்புள்ள ஆர்லன்,

எல்லாரிடமும் சொல்வதுதான் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி உனக்கு எழுதமாட்டேன்.

கோல்ட்டர் அந்தக் காலுறையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றான்.

"கத்தணும்னா கத்தும்மா," என்றான்.

எனக்குக் கத்த வரவில்லை. "அந்தக் குண்டு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"அதத்தான் நானும் தெனமும் நெனைக்கிறேன்," என்றான். "மலை ஏறும்போதெல்லாம் உச்சியில வண்டிய நிறுத்திடுவேன். திரும்பிப் போயிடலாமான்னு தோணும். அப்புறம் மாமா அங்க தனியா தகரத்த சரி பண்ணிட்டு நிப்பாருன்னு நெனச்சுட்டு எறங்கிருவேன்."

பிறகு பொங்கி அழுதான். அவன் அழுது நான் பார்த்து எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது. உன்மேல் அவனுக்குக் கோபமில்லை, பயம்தான். நான் ஜன்னலில் நின்று பயந்தேன், அவன் மலையுச்சியில் வண்டியை நிறுத்திப் பயந்தான், நீ காலையில் படுக்கையில் பயந்தாய். மூன்று பேரும் மற்ற இருவரிடமும் பைபாடைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

போல்ட்டை வைத்திருக்கிறேன். எங்கே என்று எழுதமாட்டேன்.

புதன்கிழமை மதியம் நாங்கள் இருவரும் வருகிறோம். இரவு உன் வீட்டில் தங்கிவிட்டு வியாழன் காலை பில்லிங்ஸுக்குப் புறப்படுவோம். நீ ஓட்டக் கூடாது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கோல்ட்டர் விடுப்புச் சொல்லிவிட்டான். அவனுடைய டிரக்கின் முன் இருக்கையில் மூன்று பேர் உட்காரலாம். அவன் ஓட்டுவான், நீ நடுவில், நான் ஜன்னல் பக்கம்.

டாக்டர் கழுத்து எலும்பு என்று சொல்லலாம். நான் பெயர் எழுத விரும்பாத வேறொன்றையும் சொல்லலாம். பயப்படாதே என்று சொல்லமாட்டேன், நானே பயந்துகொண்டிருக்கிறேன்.

வழி முழுக்க உன் வலது கையை நான் பிடித்துக்கொண்டிருப்பேன். உனக்குத் தெரியாது. அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்.

வெர்னா அக்கா